மூன்று பேரும் வக்கீல்கள்

அந்த அம்மாள் ஸ்ரீரங்கம் தெற்கு வாசல் பக்கம் பூக்கட்டி விற்பவர். கணவர் லாரி மோதி இறந்துபோனார். திருச்சியில் விபத்து வழக்கு நடந்து இழப்பீடு தீர்ப்பானது. இன்சூரன்ஸ் கம்பெனியும் பணத்தைக் கோர்ட்டில் கட்டிவிட்டது. அவர் கைக்கு வந்தது மூன்றில் ஒரு பங்குதான். "அப்பீல் நடக்குது, மீதி அப்புறம் வரும்" என்று அவருடைய வக்கீல் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் வக்கீலான என்னிடம் வந்தபின் நகல் மனு போட்டுப் பார்த்தேன். அப்பீல் என்று ஒன்று கிடையவே கிடையாது. செக் பெட்டிஷனில் முழுத்தொகையும் எடுக்கப்பட்டிருந்தது. அடியில் அம்மாளின் கையெழுத்து, தாளின் பாதியில் அந்தரத்தில் தொங்கியது. அதற்கு மேலே இருந்த வாசகமோ அந்த இடத்துக்குள் அடங்குவதற்காக நெருக்கி நெருக்கி டைப் செய்யப்பட்டிருந்தது. "வெத்துப் பேப்பர்ல நாலஞ்சு கையெழுத்து வாங்குனாரு சார்" என்றார். விரலில் வாழைநார் அறுத்த கோடுகள்.

அந்த வக்கீலும் நானும் ஒரே பாரில் இருப்பவர்கள். ஒரே கேன்டீனில் டீ குடிப்பவர்கள். "நம்ம ஆளுதானேண்ணே, பேசி முடிச்சிரலாம்" என்று இரண்டு பேர் வந்து சொன்னார்கள். பேசியும் பார்த்தேன், நோட்டீஸும் விட்டேன். பதில் இல்லை. வக்கீல்கள் சட்டம், 1961, 35-ஆவது பிரிவின்படி மாநில பார் கவுன்சிலுக்குப் புகார் எழுதினேன். எத்தனையோ பிராதுகள் எழுதிய கைதான். அன்று ஒரு பக்கம் எழுத ஒரு சாயங்காலம் ஆனது.

விசாரணைக்காக ஸ்ரீரங்கத்தில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னை போனோம். பார் கவுன்சில் வராந்தாவில் காத்திருந்தபோது அம்மாள் கேட்டார்:

"உள்ள விசாரிக்கிறவங்க யாரு சார்?"

"மூணு வக்கீல்கள்மா."

"மூணு பேருமேவா? அரசாங்கத்து ஆளு ஒருத்தர்கூட இல்லியா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் மூன்று பேர். இரண்டு பேர் கவுன்சில் உறுப்பினர்கள், ஒருவர் வெளியிலிருந்து சேர்க்கப்படும் வக்கீல். கவுன்சில் உறுப்பினர்களையோ வக்கீல்களாகிய நாங்கள்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். மாநில அட்வகேட் ஜெனரலுக்கு நோட்டீஸ் தரவேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அவரும் வக்கீலே. அப்பீல் அகில இந்திய பார் கவுன்சிலுக்கு. அங்கேயும் வக்கீல்கள். அதையும் தாண்டி உச்ச நீதிமன்றம் போனால்தான் கறுப்புக் கவுன் போட்டவரை இன்னொரு இடத்திலிருந்து பார்க்கும் கண் ஒன்று கிடைக்கும். பூக்கூடையைப் பக்கத்துக் கடையில் ஒப்படைத்துவிட்டு வந்தவருக்கு டெல்லி எங்கே?

இதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு நியாயம் உண்டு, அது சாதாரண நியாயமல்ல. 1908-இல் ராஜத்துரோகத் தண்டனை பெற்ற வ.உ.சி.யின் சன்னது, அதாவது வக்கீல் உரிமம், பறிக்கப்பட்டது. 1912-இல் விடுதலையாகி வந்தபின் வழக்காட வழியில்லாமல் அவர் பட்ட பாடு தமிழர்களுக்குத் தெரியும். சன்னதை மீட்டுத்தர உதவிய நீதிபதி வாலஸின் நினைவாக மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். சர்க்காரை எதிர்த்து வாதாடுகிறவனின் பிழைப்பு சர்க்கார் கையில் இருக்கக்கூடாது என்பதை நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

விசாரணை நடந்தது. எதிர்த்தரப்பு வாய்தாவுக்கு மேல் வாய்தா கேட்டது. ஒரு வருடத்துக்குள் முடியாத புகார் தானாகவே அகில இந்திய கவுன்சிலுக்குப் போய்விடும் என்கிறது 36-பி பிரிவு. அந்தக் கெடு நெருங்கியபோது பணம் வந்துவிட்டது, வட்டி இல்லாமல். "போதும் சார், விட்டுருங்க. அவருக்கும் பொம்பளப்புள்ள இருக்காம்" என்றார் அம்மாள். ஆனால் புகார்தாரர் சமாதானமாகப் போய்விட்டார் என்பதற்காக மட்டும் விசாரணையைக் கைவிடக்கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. எங்கள் விதிகளிலேயே நான் மதிக்கும் விதி அதுதான். குழு மேற்கொண்டு விசாரித்தது. டைப் செய்த தாளை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வரிகளின் இடைவெளியை ஒவ்வொன்றாகப் பார்த்தார் ஒருவர். வக்கீல் கண்ணுக்குத்தான் அது படும். அந்த வக்கீலின் சன்னது சில மாதங்களுக்கு நிறுத்திவைக்கப்பட்டது.

பின்னால் 2016 மே மாதம், நீதிபதி பெயரைச் சொல்லிப் பணம் வாங்குவது, கோர்ட் ஆவணங்களைத் திருத்துவது போன்றவற்றுக்கு வக்கீல்களை நீதிமன்றங்களே தடைசெய்யலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 14-ஏ முதல் 14-டி வரை விதிகள் கொண்டுவந்தது. மாநிலமெங்கும் வக்கீல்கள் கொதித்தார்கள். திருச்சியில் நானும் கோர்ட்டுக்குப் போகாமல் நின்றேன். 2019 ஜனவரி 28-இல், முத்துகிருஷ்ணன் வழக்கில், ஒழுங்கு நடவடிக்கை பார் கவுன்சிலின் அதிகாரம் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. பாரில் இனிப்பு கொடுத்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் அந்த வராந்தாக் கேள்வி அப்படியே இருந்தது.

வேறொரு தொழிலிலும் இதே கேள்வி எழுந்திருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் பல் மருத்துவ வாரியம், மருத்துவர் அல்லாதவர்கள் பல் வெளுக்கும் தொழில் செய்யக்கூடாது என்று 47-க்குக் குறையாத கடிதங்கள் அனுப்பியது. வாரியத்தில் பெரும்பாலோர் தொழில் நடத்தும் பல் மருத்துவர்கள். அப்படிப்பட்ட வாரியம் போட்டிச் சட்டத்திலிருந்து விலக்குக் கேட்டால், அதன் மேல் அரசின் உயிருள்ள கண்காணிப்பு இருக்கவேண்டும் என்று 2015-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. நான் அவ்வளவுகூடக் கேட்கவில்லை. மூன்று நாற்காலிகளில் ஒன்றில் வக்கீல் அல்லாத ஒருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியரோ தாசில்தாரோ, உட்காரட்டும் என்கிறேன். சன்னதைப் பறிக்கும் அதிகாரம் எங்களிடமே இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஒருவர் வேண்டும்.

முத்துகிருஷ்ணன் தீர்ப்பு வந்து சில வாரங்களில் அம்மாள் என் ஆபீசுக்கு வந்தார், கூடவே இன்னொரு பெண். வேறு வக்கீல், வேறு பணம். சென்னையில் யார் விசாரிப்பார்கள் என்று அந்தப் பெண் என்னைத்தான் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் அம்மாளே சொன்னார்: "மூணு பேருமே வக்கீலுங்கதான். கேப்பாங்க. ஆனா நீ வெத்துப் பேப்பர்ல போட்ட கையெழுத்து எத்தனன்னு இப்பவே எண்ணி வச்சுக்க."

பேனாவை எடுத்தேன்.