பதினேழு உருப்படி

முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே என்னைப் பஸ் ஏற்றிவிடுவார்கள். வெள்ளகோவிலில் இறங்கி, மூலனூர் போகிற பஸ்ஸுக்கு மாறி, புளியமரத்தடியில் இறங்கினால் மாமன் சைக்கிளோடு நின்றிருப்பார். 1983 சித்திரை. எனக்குப் பதினோரு வயது. அன்றைக்கு அந்த ஊரெல்லாம் பெரியார் மாவட்டம், இன்றைக்குத் திருப்பூர் மாவட்டம். முந்தின ஐப்பசியில் மழை ஏமாற்றியிருந்தது. 80 அடிக் கிணற்றில் மோட்டாரைப் போட்டால் கால் மணி நேரத்தில் காற்று இழுக்கும். கண்ணபுரம் மாரியம்மன் தேருக்குக் கூடும் சந்தைக்கு ஓட்டிப்போன இரண்டு மாடுகளை, கேட்ட விலைக்கு மனசு வராமல், அம்மாவைப் பெற்ற அப்புச்சி திருப்பி ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

விடிவெள்ளி இருக்கும்போதே பாட்டி, எங்கள் அமுச்சி, எழுப்பிவிடுவார். கட்டுத்தரையில் சாணி வழிப்பது என் வேலை. ராத்திரிச் சூடு மண்ணை விட்டு இன்னும் இறங்கியிருக்காது, சாணியும் வெதுவெதுவென்றிருக்கும். அமுச்சி கன்றை அவிழ்த்து விட்டு, அது நாலு வாய் குடித்தபின் இழுத்துக் கட்டிவிட்டுக் கறப்பார். காங்கேயம் மாடு சொம்பு நிறையக் கொடுக்காது. கொடுக்கிற கொஞ்சமும் கெட்டியாக, லேசான மஞ்சளோடு இருக்கும். மாமன் புதிதாக வாங்கிய கலப்பின ஜெர்சி ஒன்று சாளைக்குள் நின்றது. அது காங்கேயம் மாட்டைவிடப் பல மடங்கு கறந்தது. ஆனால் பத்து மணிக்கு மேல் வெயிலில் விட்டால் நாக்கைத் தொங்கப் போட்டுவிடும், கொறங்காட்டுக்குப் போகாது. அமுச்சிக்கு அதன் மேல் இரக்கம் உண்டு, மதிப்பு கிடையாது.

கொறங்காட்டைப் பார்த்தால் வெளியூர்க்காரர்களுக்குத் தரிசு என்றுதான் தோன்றும். உழுவதில்லை, பாய்ச்சுவதில்லை. சுற்றிலும் முள்ளுக்கிளுவையில் உயிர்வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். மேய்க்க ஆள் கிடையாது. காலையில் மாடுகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் பொழுது சாய்கிறவரை அதது பாட்டுக்கு மேயும். சித்திரையில் கிளுவை இலையெல்லாம் உதிர்த்துச் சாம்பல் நிறக் குச்சியாக நிற்கும். புல் காய்ந்து முடியாகிக் கிடக்கும். வேர் மட்டும் சாகாது. ஒரு மழை போதும், எட்டே நாளில் காடு பச்சை கட்டும் என்று அப்புச்சி சொல்வார். அந்த வருசம் அந்த ஒரு மழைக்காகத்தான் மாடும் மனுசரும் காத்திருந்தோம்.

அன்று காலை பதினேழு உருப்படிகளையும் வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரி வழியாக ஓட்டிப்போய் விட்டுவிட்டு வந்தோம். வெயில் ஏறுமுன் காளங்கன்று ஒன்றுக்கு மூக்குக் குத்த வேண்டியிருந்தது. காங்கேயம் கன்று பிறக்கும்போது செம்மண் நிறத்தில் இருக்கும். ஆறு மாதத்தில் அந்தச் செம்மை கழன்று சாம்பலாகும், காளையானால் கழுத்தும் திமிலும் கருக்கும். இந்தக் கன்றுக்குத் திமிலில் கருமை இறங்கத் தொடங்கியிருந்தது. மூக்குக் குத்தப் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்திருந்தார். கழுத்தையும் கொம்பையும் சேர்த்துக் கம்பத்தில் கட்டினார்கள்.

"அம்முணி, வாலைக் கெட்டியாப் புடிச்சுக்கோ" என்றார் மாமன்.

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பெரியவர் விரலை மூக்குக்குள் விட்டு, நடுத்தண்டில் மெல்லிசான இடத்தைத் தடவிப் பார்த்தார். அதற்குத்தான் நேரம் பிடித்தது. குத்துவது கண்மூடித் திறக்கும் நேரம்தான். கூராகத் தேய்த்த கம்பியின் பின்னாலேயே வேப்பெண்ணெயும் மஞ்சளும் தடவிய கயிறு உள்ளே போய் மறுபுறம் வந்துவிட்டது. கன்று கத்தவில்லை. உடம்பு முழுவதும் ஒரு நடுக்கம் ஓடியது, வால் வழியாக என் கைக்கு அது வந்தது. இன்றைக்கும் அந்த நடுக்கம் என் உள்ளங்கையில் இருக்கிறது. அப்புச்சி அதன் நெற்றியில் கையை வைத்து, "ஆச்சு சாமி, ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு வாரத்துக்கு யாரும் அந்தக் கயிற்றை இழுக்கக் கூடாது என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

மத்தியானம் வெள்வேலங்காய் பறிக்கப் போனோம். பழுத்த காய் தானாக உதிரும். உதிர்ந்ததை மாடுகள் காலையிலேயே பொறுக்கித் தின்றுவிடும். மரத்தில் மிச்சமிருப்பதை அமுச்சி தொரட்டியால் கொக்கி போட்டு உலுக்குவார், நான் சாக்கில் அள்ளுவேன். புல் இல்லாத காலத்தில் அதுதான் தீனி. முள் கிழித்த கையில் வேர்வை பட்டு எரியும். நடுவில் மர நிழலில் உட்கார்ந்து தூக்குப்போசியிலிருந்து கம்மங்கூழை ஊற்றிச் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தோம். மாடுகள் அடுத்த மரத்தடியில் அசை போட்டுக்கொண்டு படுத்திருந்தன. காற்றே இல்லை.

அமுச்சி முன்னால் போய்விட்டார். நான் சாக்கை இழுத்துக்கொண்டு படலைத் தாண்டினேன். இரண்டு கையும் சாக்கில். படலைக் காலால் தள்ளிச் சாத்தினேன். கயிற்று வளையத்தைக் கல்லுக்காலில் மாட்டவில்லை.

பொழுது இறங்கும்போது மாமன் மோட்டாரைப் போட்டார். மூச்சு வாங்கி வாங்கி வந்த தண்ணீர் கட்டுத்தரைக் கல்தொட்டியில் முக்கால் பங்குக்கு நின்றது. நான் போய் மாடுகளை ஓட்டி வந்தேன். படல் அரையடி திறந்திருந்ததைப் பார்த்தேன். பயத்தில் இரண்டு தடவை எண்ணினேன். பதினேழு. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தொட்டியருகே அப்புச்சி நின்றிருந்தார்.

"பதினேழும் வந்திருச்சுங்க அப்புச்சி."

அவர் எண்ணவில்லை. அவர் மாடுகளை எண்ணி நான் பார்த்ததே இல்லை. ஒவ்வொன்றும் முகத்தைத் தண்ணீரில் வைக்கும்போது அதன் முகத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

"பதினேழு செரி கண்ணு. கூடுகொம்பி எங்க?"

கொம்பு இரண்டும் வளைந்து நுனியில் கிட்டத்தட்டத் தொட்டுக்கொள்கிற மயிலைப் பசு அது. தொட்டியில் அதன் இடத்தில் இன்னொரு மயிலை நின்று குடித்துக்கொண்டிருந்தது. அதன் கொம்பு விரிந்திருந்தது. தெற்குத் தோட்டத்து மாடு. இட்டேரியில் வந்தது, காய் வாசனைக்குத் திறந்த படல் வழியாக நுழைந்திருக்கிறது. எங்கள் மாடு வெளியே போயிருக்கிறது.

"படல மாட்டுனியா அம்முணி?"

நான் பேசவில்லை. அவர் திரும்பக் கேட்கவும் இல்லை. தெற்குத் தோட்டத்து மாட்டை அது குடித்து முடிக்கிறவரை விட்டார். அந்தத் தண்ணீரின் கணக்கு எனக்குக்கூடத் தெரியும். பிறகு மாமன் அதை ஓட்டிப்போனார். அப்புச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

அவர் எங்கேயும் தேடவில்லை, நேராகப் போனார். இட்டேரி முடிந்து, பனைமர வரிசை தாண்டி, மேற்கே இருந்த ஒரு கொறங்காட்டுக்கு. போன வருசம் வரைக்கும் அது எங்களுடையது. கிணற்றை ஆழப்படுத்த அதை விற்றார்கள். 20 அடி கூடுதலாக வெட்டியும் கல்தான் வந்தது. வாங்கியவர் மாடு வைத்திருக்கவில்லை. வேலி ஓரிடத்தில் சாய்ந்து கிடந்தது.

கூடுகொம்பி அங்கே பழைய கல்தொட்டிப் பக்கத்தில் நின்றது. தொட்டியில் தண்ணீர் இல்லை, காய்ந்த பாசியும் சருகும்தான். அது குனிந்து தொட்டியின் அடியை நக்கிக்கொண்டிருந்தது. சொரசொரவென்று நாக்கு கல்லில் உரசும் சத்தம் தூரத்திலேயே கேட்டது. எங்களைப் பார்த்ததும் தலையைத் தூக்கிவிட்டு மறுபடியும் நக்கியது.

அப்புச்சி அதன் பக்கத்தில் போய்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "இங்கதான் பொறந்துச்சு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நான் அழுதேன். படலுக்காகவா, அந்தச் சத்தத்துக்காகவா என்று எனக்குத் தெரியாது. அவர் என்னைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. வெளிச்சம் முழுக்கப் போகிறவரை உட்கார்ந்திருந்தார். எழுந்ததும் மாட்டின் தாடைக்கடியில் கை கொடுத்தார். அது கூடவே வந்தது.

வீட்டுக்கு வந்தபோது தொட்டி காலியாகியிருந்தது. மோட்டார் இனி இழுக்காது. அப்புச்சி கிணற்று ராட்டினத்தில் வாளியைக் கட்டி இறக்கினார். கயிறு இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் வாளி பாறையில் தட்டும் சத்தம். சாய்த்துச் சாய்த்து ஊறலை மொண்டு இழுக்க, அரை வாளி வந்தது. நானும் கயிற்றைப் பிடித்தேன், அவர் மறுக்கவில்லை. எத்தனை தடவை இழுத்தோமோ, கூடுகொம்பி தலையைத் தூக்கிப் பெருமூச்சு விடுகிறவரை இழுத்தோம். இருவர் உள்ளங்கையும் தோல் வழன்றிருந்தது. அமுச்சி விளக்கெண்ணெய் தடவிவிட்டார்.

சாப்பிட்டபின் அப்புச்சி அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு கட்டுத்தரைக்குக் கூப்பிட்டார். சோளத்தட்டு போட்டு முடிந்து மாடுகள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டிருந்தன. மூக்குக் குத்திய கன்று மட்டும் தலையைத் தாழ்த்தி நின்றது.

"எத்தனைன்னு வேண்டாம். யாரு யாரு இருக்காங்கன்னு சொல்லு."

வரிசையாக நடந்தேன். செவலை. மொட்டைவாலி. நெத்திச்சுட்டி. கிழட்டு மயிலை. அதன் மகள். காதறுந்தது. கூடுகொம்பியிடம் நின்று அதன் கழுத்தைத் தொட்டுவிட்டு நகர்ந்தேன். பதினைந்து வரை சொல்லிவிட்டேன். கடைசி இரண்டு மயிலைகளும் ஒரே வயது, ஒரே உயரம். எது எதுவென்று எனக்குப் பிடிபடவில்லை. அப்புச்சி சொல்லிக் கொடுக்கவில்லை. விளக்கை உயர்த்தி அவற்றில் ஒன்றின் கொம்படியில் பிடித்துக்கொண்டு, நான் பார்க்கிற வரைக்கும் நின்றார்.