ஒரு பெட்டி மாவு

என் தாயார் சொல்லி நான் எழுதி வைத்த சமையற் குறிப்புகளில் ஓலைக் கொழுக்கட்டைக்கு உரியவை இரண்டே வரிகள். "ஒரு பெட்டி மாவுக்கு ஒரு சிரட்டைக் கருப்பட்டி, ஒரு மூடித் தேங்காய், ஒரு கைச் சிறுபயறு. சுக்கும் ஏலமும் வாசனைக்கு." 1984ஆம் ஆண்டு, எனக்குத் திருமணமான புதிதில், மதுரைக்குப் புறப்படும் முன் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டது.

திருச்செந்தூர் வட்டாரத்தில் தேரிக்காட்டை ஒட்டியது எங்கள் ஊர். அடுப்படிக்கு வேண்டிய பலவும் அங்கே பனையிலிருந்துதான் வந்தன. புளிக்கு ஒரு கொட்டான், பண்டங்களுக்கு மூடி போட்ட பெட்டி, புடைக்கச் சுளகு, சுமக்கக் கடகம். பதநீரைக் காய்ச்சிச் சிரட்டைகளில் ஊற்றி உறையவைப்பதால் 'ஒரு சிரட்டைக் கருப்பட்டி' என்றால் எங்கள் பக்கத்தில் எவருக்கும் விளங்கும். மழைக்காலத்தில் அது கசிந்துவிடும். ஆகவே அடுப்புப் புகை படும்படி பரணில் ஏற்றி வைப்பார்கள். ஆனால் 'ஒரு பெட்டி மாவு' என்பது எங்கள் வீட்டிற்கு மட்டும் உரிய அளவு. தாயார் தம் கையாலே முடைந்த சிறிய ஓலைப்பெட்டி அது. மதுரைக்கு வரும்போது அதையும் என் பையில் வைத்து அனுப்பினார்.

புது வீட்டில் எவர்சில்வர் டப்பாக்கள் வரிசையாக நின்றன. அவற்றின் நடுவே அந்தப் பழுப்பேறிய பெட்டி எனக்கு வெட்கமாயிருந்தது. 1986இல் ஒருநாள் காலை, வெந்நீர் அடுப்பு பற்றவில்லை என்று அதை எடுத்து அடுப்பில் வைத்தேன். நன்றாகவே பற்றிக்கொண்டது. அடுத்த நாளே தாயார் ஊரிலிருந்து வந்து சேர்வார் என்று நான் நினைக்கவில்லை. பெட்டி எங்கே என்று கேட்டார். எலி கடித்துவிட்டது என்றேன். "குருத்து வெட்டும்போது வேறொன்று முடைந்து தருகிறேன்" என்று சொல்லி விட்டுவிட்டார். பிறகு அவர் கண்ணில் புரை விழுந்தது. 1991இல் இறைவனடி சேர்ந்தார்.

அதன் பின்னர் நான் செய்த கொழுக்கட்டைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உழக்கால் அளந்தேன், படியால் அளந்தேன், தேநீர்க் கிண்ணத்தாலும் அளந்தேன். ஒருமுறை கல், மறுமுறை களி. சித்தியிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருந்தால், பெட்டி என்னவாயிற்று என்று அவர் திருப்பிக் கேட்பார். ஒரு பொய்யை இரண்டாம் முறை சொல்ல எனக்கு மனமில்லை. உண்மையைச் சொல்லவோ துணிவில்லை.

2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்ததல்லவா? அந்த ஆண்டு தவக்காலத்திற்கு முன் உறவினர் ஒருவர் கொண்டுவந்த கருப்பட்டி மிட்டாய் ஓலைக் கொட்டானில் இருந்தது. மிட்டாயைப் பிள்ளைகள் தின்று முடித்தார்கள். நான் கொட்டானை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய வாரம் ஊருக்குப் புறப்பட்டேன்.

சித்திக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. "அம்மாவின் மாவுப் பெட்டி போல ஒன்று முடைந்து தருவீர்களா, சித்தி?" என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை உரித்து, ஒரே அகலமாக வகிர்ந்து, தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்தார். ஊறாத ஓலை மடக்கினால் முறிந்துவிடும். அடியை முதலில் பின்னி, நான்கு மூலைகளையும் மடக்கி மேலே எழுப்பினார். உள்ளுக்கு ஒரு பின்னல், வெளிக்கு ஒரு பின்னல். இரண்டு பின்னல் இருந்தால்தான் மாவு சிந்தாது என்றார்.

"எவ்வளவு அகலம் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "கையைக் காட்டு" என்றார். என் விரல்களைப் பின்னலின் மேல் படுக்க வைத்தார். அடி ஆறு விரற்கடை, உயரம் நான்கு விரற்கடை. "என் விரல் தடிப்பு. உன் விரல் அக்காள் விரல்" என்று சொல்லி, என் கையை வைத்தே அளந்து முடித்தார்.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாள் அங்கேயே கொழுக்கட்டை செய்தோம். பச்சரிசியை ஊறவைத்து வடித்து, இடித்து, மாவை வறுக்க வேண்டும். விரலிடுக்கில் எடுத்தால் கோலப்பொடி போல இழை இறங்க வேண்டும், பதம் அதுதான். மாவைப் பெட்டியில் அழுத்தாமல் அள்ளி, தலைதட்டினோம். கடைக்காரரிடம் கொடுத்து நிறுத்துப் பார்த்தேன்: ஏறக்குறைய 500 கிராம். இத்தனை காலமும் ஒரு சிரட்டைக் கருப்பட்டிக்குச் சில நாள் முக்கால் கிலோ மாவும், சில நாள் அதில் பாதியும் போட்டிருக்கிறேன்! வறுத்த சிறுபயற்றை முக்கால் வேக்காட்டில் வடித்துவிட வேண்டும். குழைந்தால் மாவு சொதசொதக்கும். கருப்பட்டியைச் சிறிது நீரில் கரைத்து, மண் போக வடிகட்டிக் கொதிக்கவைத்து, மாவு, தேங்காய்த்துருவல், பயறு, சுக்கு, ஏலம் எல்லாவற்றையும் கலந்த கலவையில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைந்தோம். பிடித்தால் பிடிபட வேண்டும், ஒட்டக் கூடாது. சாண் நீளத்திற்கு நறுக்கிய குருத்தோலையின் மடிப்பில் மாவை வைத்து, மேலே இன்னொரு ஓலையால் மூடி, ஓலை நாரால் கட்டி ஆவியில் வைத்தோம். அரைமணி நேரத்தில் பச்சை ஓலையின் மணமும் கருப்பட்டியின் மணமும் கலந்து முற்றத்தை நிறைத்தன.

அடுப்பருகே உட்கார்ந்திருந்தபோது சொல்லிவிட்டேன். "எலி கடிக்கவில்லை, சித்தி. நான்தான் எரித்தேன்."

சித்தி விறகை உள்ளே தள்ளினார். "அக்காளுக்கு அன்றைக்கே தெரியும், பிள்ளே. உன் வீட்டுச் சாம்பலை அள்ளும்போது பெட்டி விளிம்பு கருகிக் கிடந்ததாம். கேட்டால் நீ கூசிப்போவாய் என்று விட்டுவிட்டாள். ஊருக்கு வந்து என்னிடம்தான் சொன்னாள்."

எனக்குப் பேச்சு எழவில்லை. சித்தி ஓலையைப் பிரித்து, கொழுக்கட்டையை விண்டு வாயிலிட்டு, கண்ணை மூடிச் சுவைத்தார்.

"உப்பு ஒரு நுள்ளு வேண்டும். அக்காள் போடுவாள். உன்னிடம் சொல்ல மறந்திருப்பாள்."

நோட்டுப் புத்தகத்தை எடுத்து மூன்றாவது வரியாக அதை எழுதிக்கொண்டேன்.