மஞ்சள் கற்கள் காட்டும் வழி

பிரிக்பீல்ட்ஸில் நடந்தவர்கள் அந்த மஞ்சள் கற்களை மிதிக்காமல் இருந்திருக்க முடியாது. துன் சம்பந்தன் சாலையில் பூமாலைக் கடைகளையும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளையும் கடந்து போகும்போது செருப்புக்கு அடியில் மேடு பள்ளமாகத் தட்டுப்படுமே, அவைதான். அழகுக்காகப் பதித்தவை என்று நினைப்பவர்களும் உண்டு. என்னைப் போன்றவர்களுக்கு அவை எழுத்துகள்.

படிப்பதும் எளிது. நீளக் கோடுகள் இருந்தால் அந்தத் திசையில் நடக்கலாம். வட்டப் புள்ளிகள் இருந்தால் நிற்க வேண்டும். முன்னால் படிக்கட்டோ, சாலையோ, ரயில் மேடையின் விளிம்போ இருக்கிறது. இதை உருவாக்கியவர் செய்இச்சி மியாகே என்ற ஜப்பானியர். 1967இல் ஒக்காயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளி ஒன்றின் அருகே முதன்முதலாகப் பதித்தார்கள்.

அந்தக் கற்கள் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் இருக்கிறது. பார்வையற்றவர்கள் நடத்தும் உடம்புப்பிடி நிலையங்களும் இந்த வட்டாரத்தில் பேர் பெற்றவை. பக்கத்திலேயே, பழைய ரயில் பணிமனை நிலத்தில், 2001இல் கேஎல் சென்ட்ரல் எழுந்தது. ரயில்வேயில் உழைத்த நம் தாத்தாமார்கள் பலர் குடியிருந்த வட்டாரம் இது. இன்று நான் வேலைக்குப் போகும் வழியும் இதுதான்.

எனக்கு இருப்பது ரெட்டினைட்டிஸ் பிக்மெண்டோசா. விழித்திரை மெல்ல மெல்லச் செயலிழக்கும் மரபணு நோய். முதலில் இருட்டில் பார்வை போனது. அப்புறம் ஓரங்கள் போயின. இப்போது ஒரு குழாய் வழியாக உலகத்தைப் பார்க்கிறேன். நேர் எதிரே இருக்கும் எழுத்து தெரியும். காலடியில் இருக்கும் பை தெரியாது. அதனால் ரயிலில் உட்கார்ந்து கைப்பேசியில் செய்தி படிப்பேன். இறங்கும்போது வெள்ளைப் பிரம்பை விரிப்பேன். "நல்லாத்தானே படிச்சுக்கிட்டிருந்துச்சு, இப்ப என்ன நடிப்பு?" என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. பார்வைக் குறைபாடு என்றால் முழு இருட்டு என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சமாவது பார்வை மிச்சமிருக்கும்.

நோய் தெரிந்த வாரமே அம்மா சொல்லிவிட்டார்: "வேலைய விட்டுரும்மா. கிள்ளான்லேயே ஏதாவது பாத்துக்கலாம்." கிள்ளானில் கொமுட்டர் ஏறுவது எனக்குச் சிக்கல் இல்லை. ராஜா சூலானில் இறங்கினால் அலுவலகம் பக்கம்தான். நடுவில் கேஎல் சென்ட்ரலில் இறங்கி மோனோரயிலுக்கு மாற வேண்டும். என் சம்பளம், என் வீட்டுக் கடன், மற்றவர் கையை எதிர்பார்க்காத என் காலை நேரம், எல்லாம் அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

பிரம்புப் பயிற்சிக்குப் போனேன். நீண்ட பிரம்பைக் கொண்டு நடக்கும் இந்த முறை, இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்து திரும்பிய அமெரிக்க வீரர்களுக்காக வகுக்கப்பட்டது. பிரம்பின் நுனியை இடமும் வலமுமாக, தோள் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலாக வீச வேண்டும். வலக்கால் முன்னே போகும்போது நுனி இடப்பக்கம் இருக்கும். அடுத்த அடியை வைக்கப்போகும் இடத்தைப் பிரம்பு முன்கூட்டியே தொட்டுப் பார்த்துவிடும்.

மீதியை நிலையமே கற்றுக்கொடுத்தது. கொமுட்டர் மேடை கீழ்த்தளத்தில். எனக்கு அங்கே ஏறக்குறைய இரவுதான். இறங்கியதும் அவசரப்படாமல் நிற்பேன். கூட்டத்தின் காலடிச் சத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ, அங்கே நகரும் படி இருக்கும். அதன் உறுமல் நெருங்க நெருங்கக் கனக்கும். மேலே ஏறியதும் சத்தம் விரிந்துவிடும். பெரிய கூடத்துக்கு வந்துவிட்டேன் என்று பொருள். பயண அட்டையைத் தட்டும் 'பீப்' ஒலிகள் எந்தப் பக்கம் கேட்கின்றனவோ, அதுதான் வாயில். ரொட்டி சுடும் வாசனை வந்தால் நேர்வழி. முகத்தில் குளிர்காற்று அடித்தால் நு சென்ட்ரல் பேரங்காடிக் கதவு. அதற்குள் நடந்து மறுபக்கம் போனால் மோனோரயில். ஏறியபின் விரல் விட்டு எண்ணுவேன். துன் சம்பந்தன் ஒன்று, மகாராஜலேலா இரண்டு. ஆறாவது ராஜா சூலான்.

கனமழை நாளில் இந்த வரைபடம் கலைந்துவிடும். மழைச் சத்தம் மற்ற ஒலிகளை விழுங்கும். அப்போது மஞ்சள் கற்கள் மட்டுமே துணை. அவற்றின்மேல் யாராவது பெட்டியோடு நின்றாலோ, மோட்டார் சைக்கிளை நிறுத்தினாலோ, படித்துக்கொண்டிருந்த பக்கத்தை யாரோ கிழித்த மாதிரி இருக்கும். ஒரு நிலையத்தில் பழுதுபார்ப்புப் பலகை ஒன்றைக் கோட்டின் குறுக்கே வைத்திருந்தார்கள். என் பிரம்பு அதன் கால்களுக்கு இடையே நுழைந்தது. நெற்றி பலகையில் மோதியது. இடுப்புக்கு மேலே இருப்பதைப் பிரம்பு சொல்லாது.

உதவ விரும்புகிறவர்கள் நிறைய. ஆனால் பின்னாலிருந்து தோளைப் பிடித்துத் தள்ளினால் திசை தவறிவிடும். "உதவி வேணுமா?" என்று முதலில் கேளுங்கள். வேண்டும் என்றால் உங்கள் முழங்கையைக் கொடுங்கள். நாங்கள் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவோம். பிரம்பைப் பிடித்து இழுக்காதீர்கள். "அதோ அங்க" என்பது எங்களுக்கு உதவாது. "வலப்பக்கம் பத்து அடி" என்றால் போதும். "வேணாம், நன்றி" என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை ரயிலில் அழைத்துப் போகும்போது அந்தக் கோடுகளையும் புள்ளிகளையும் காலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே நாளில் படித்துவிடுவார்கள்.

போன வருடம் அம்மாவைப் பத்துமலைக்கு அழைத்துப் போனேன். கேஎல் சென்ட்ரலில் ரயில் மாறும்போது கூட்டத்தைப் பார்த்து அவர் திகைத்து நின்றுவிட்டார். "எந்தப் பக்கம்மா?" என்றார். என் முழங்கையைக் கொடுத்தேன். அரை அடி பின்னால், சரியாகப் பிடித்துக்கொண்டு வந்தார். நகரும் படி எத்தனை அடியில் வரும் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். ரயில் ஏறி உட்கார்ந்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.

வேலையை விடு என்று அம்மா இப்போது சொல்வதில்லை. காலையில் வாசலில் நின்று, "பிரம்ப எடுத்துக்கிட்டியா?" என்று மட்டும் கேட்கிறார்.