பூட்டிய அலமாரியும் புதையல் வேட்டையும்



"ரிட்டையர் ஆகி என்ன டீச்சர் பண்றீங்க?" என்று போன வாரம் ஒருத்தி கேட்டிருந்தாள். பதில் கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கிளை நூலகத்தில், வாசகர் வட்டத்தோடு சேர்ந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பங்களுக்குப் புதையல் வேட்டை நடத்துகிறேன். பத்துத் துண்டுச்சீட்டு. ஒவ்வொன்றும் ஒரு புத்தகத்துக்கு வழி சொல்லும். அந்தப் புத்தகத்துக்குள் அடுத்த சீட்டு இருக்கும். கடைசிச் சீட்டைக் கொண்டு வந்தால் வாசலில் கடலை மிட்டாயும் ஒரு உறுப்பினர் படிவமும். அவ்வளவுதான் புதையல்.

முதல் மாதம் சொதப்பிவிட்டேன். வாத்தியார் புத்தி, பரீட்சைக் கேள்வி மாதிரியே எழுதி வைத்திருந்தேன். அப்பாமார்கள் செல்போனில் தட்டிப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். பிள்ளைகள் ஒரு புத்தகத்தைக்கூடத் தொடவில்லை.

அடுத்த மாதம் விதியை மாற்றினேன். செல்போன் பைக்குள். குழுவில் ஒரு பெரியவர் கட்டாயம். எடுத்த புத்தகத்தை அலமாரியில் திரும்பச் செருகக் கூடாது, மேசையில்தான் வைக்க வேண்டும். கடைசி விதி நூலகர் போட்டது. இடம் மாறிய புத்தகம் தொலைந்த புத்தகத்துக்குச் சமம் என்பார் அவர்.

சீட்டும் மாறியது. "கட்டுத்தரையில் கட்டுவது எது? அதைப் பற்றிய புத்தகம் எங்கே?" என்று ஒன்று. பிள்ளைகள் திருதிருவென்று முழிக்க, அம்மிச்சிமார்கள் "மாடுடா கண்ணு!" என்று சத்தம் போட்டார்கள். பிறகு புத்தக முதுகில் இருக்கும் எண்ணைப் பார்த்துத் தேட வேண்டும். 636 கால்நடை, 894.811 தமிழ் இலக்கியம். டூயி என்ற அமெரிக்கர் 1876-ல் வகுத்த முறை இது. பெரியவருக்கு வார்த்தை தெரியும், சின்னதுக்கு எண் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் புத்தகம் கிடைக்கும்.

இன்னொரு சீட்டு, "நீ பிறப்பதற்கு முன்பே யாரோ கடைசியாக எடுத்துப் போன புத்தகத்தைக் கண்டுபிடி." பின்னட்டையில் ஒட்டிய தேதித்தாளைப் பிள்ளைகள் புரட்டிப் புரட்டிப் பார்க்கும். இருபது வருடமாக யாரும் தொடாத புத்தகங்கள் அன்றைக்குத்தான் வெளியே வரும்.

இனி, சொல்ல வந்த விஷயம்.

போன மாதம் ஒரு தம்பி மகளையும் தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். நம்ம பள்ளிக்கூடத்தில் என்னிடம் நான்காம் வகுப்பு படித்தவன். இப்போது லேத் பட்டறையில் வேலை. அவர்கள் இரண்டு பேரையும் உள்ளே அனுப்பிவிட்டுச் செருப்பு விடும் இடத்திலேயே நின்றுகொண்டான்.

"நானெல்லாம் உள்ள வரலாமுங்களா டீச்சர்?"

"ஏன் சாமி இப்படிக் கேக்கற?"

சிரித்துக்கொண்டே சொன்னான். "நம்ம வகுப்புல கண்ணாடி அலமாரி இருந்துச்சுங்களே. அதுல அட்டையில யானை போட்ட ஒரு புக்கு. வருசம் பூரா வெளிய நின்னு பாத்தேனுங்க. ஒருக்கா கேட்டேன், 'கிழிச்சுப் போடுவ, போ'ன்னீங்க. உள்ளார என்ன கதைன்னு இன்னும் தெரியாதுங்க."

எனக்கு நினைவே இல்லை. ஆனால் அலமாரியும் சாவியும் நினைவிருக்கிறது. ஒரு புத்தகம் குறைந்தால் தணிக்கையில் கேட்பார்கள் என்ற பயத்தில் பூட்டியே வைத்திருந்தேன். ஓய்வு பெறும்போது எல்லாம் புதிது மாதிரியே இருந்ததைப் பெருமையாகக் கணக்குக் காட்டிவிட்டு வந்தேன். அது பெருமை இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பதறிப்போனான். "வீட்டு வரி கட்டறயா?" என்றேன். "கட்டறனுங்க." "அதுல நூலக வரியும் சேர்ந்திருக்கு. இது உன் காசுல நடக்கற இடம். வா உள்ளே."

நூலக வரிக்கு வழி செய்த சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948-ல் வந்தது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் அதுதான் முதல். அதற்குப் பின்னால் நின்று உழைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் நம்ம திருப்பூர்க்காரர் அவினாசிலிங்கம் செட்டியார். இத்தனையும் பாடமாக நடத்தியவள்தான் நான். ஆனாலும் சாவியைக் கையைவிட்டு விட்டதில்லை.

அன்றைக்கு அந்தக் குடும்பம் கடைசியாகத்தான் முடித்தது. படிவத்தை அவனே நிரப்பினான், எழுத்துக் கூட்டி. மகள் தேதித்தாள் வெறுமையாக இருந்த ஒரு புத்தகத்தை எடுத்துப் போனாள்.

யானைப் புத்தகத்தை நூலகம் முழுக்கத் தேடிவிட்டேன். கிடைக்கவில்லை. அந்த வகுப்பில் படித்தவர்கள் யாருக்காவது பெயர் நினைவிருந்தால் சொல்லுங்கள் கண்ணுகளா. எங்கே கிடைத்தாலும் வாங்கி அவனுக்குக் கொடுக்க வேண்டும். அந்த அலமாரிக்கு வெளியே நின்ற மற்றவர்களும் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

அடுத்த வேட்டைக்குப் பிள்ளைகளோடு வாருங்கள். அம்மிச்சி, அப்பத்தா, அப்புச்சி யாரையாவது மறக்காமல் கூட்டி வாருங்கள். அவர்கள் இல்லாமல் ஜெயிக்க முடியாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்