கீழ்பென்னாத்தூர்க் கொல்லையில் ஒரு பகல்

திருவண்ணாமலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் மலையைச் சுற்றிவிட்டு வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். நாமும் பல வருஷங்களாக அப்படித்தான் செய்து வந்தோம். சென்ற ஆடி மாதம் ஒரு சிநேகிதர் விடாப்பிடியாக அழைத்ததன் பேரில், செஞ்சிப் பாதையில் சுமார் 20 கிலோமீட்டர் பஸ் பிரயாணம் செய்து கீழ்பென்னாத்தூர் போய்ச் சேர்ந்தோம். "எங்க கொல்லையைப் பார்க்க வேணாமா?" என்று அவர் கேட்டதும், வீட்டுக்குப் பின்னால் நாலு வாழை மரமும் ஒரு கிணறும் இருக்கும் என்று எண்ணினோம். அந்தச் சீமையில் கொல்லை என்றால் புன்செய் நிலம். நன்செய்க்குக் கழனி என்று பெயர். வேர்க்கடலைக்கோ மல்லாட்டை என்று பெயர். மணிலாக் கொட்டை என்பது ஜனங்களின் வாயில் தேய்ந்து அப்படி ஆகிவிட்டது.

மறுநாள் நாலரை மணிக்கே தொழுவத்தில் விளக்கு எரிந்தது. சாணம் அள்ளிக் குப்பைக் குழியில் சேர்த்து, தரையைக் கழுவி, மாட்டுக்குத் தீனி வைத்து, பால் கறந்து முடிப்பதற்குள் நாம் காப்பியை எதிர்பார்க்கும் நேரமாகிவிட்டது. இது தினசரி வேலை. பருவத்து வேலைகள் வேறு. சித்திரை, வைகாசியில் எருவை வண்டியில் ஏற்றி நிலத்தில் கொட்டிப் பரப்ப வேண்டும். ஏரி வற்றினால் வண்டல் அடிக்க வேண்டும். ஏரிக் கால்வாயை ஊரார் கூடித் தூர் வாருவது பழைய குடிமராமத்து வழக்கம். தானாக நடந்த அந்த வேலையை ஆங்கில அரசாங்கத்தார் 1858ல் கட்டாய உழைப்புச் சட்டத்துக்குள் அடக்கினார்கள். வழக்கம் அதற்குப் பிறகு செழித்தது என்று சொல்வதற்கில்லை! அதே பெயரில் தமிழக அரசாங்கம் 2017ல் ஏரிகளைச் சீர்செய்ய முற்பட்டது.

கோடை மழைக்குப் பின் உழுவதை வெறும் மண் கிளறும் வேலை என்றே நினைத்திருந்தோம். அது யுத்தத்துக்கு முன்னேற்பாடு என்பதை அங்கேதான் அறிந்தோம். சிவப்புக் கம்பளிப் பூச்சியின் கூடுகள் மண்ணுக்குள் உறங்குகின்றன. நல்ல மழை விழுந்ததும் அந்துகள் வெளிப்பட்டு முட்டையிடும். புழுக்கள் சேனை சேனையாகக் கொல்லை விட்டுக் கொல்லை சென்று மல்லாட்டை இலையை மொட்டையடிக்கும். உழுது புரட்டினால் கூடுகள் வெயிலிலும் பறவைகளின் வாயிலும் அழியும். ஆனால் ஒருவர் உழுது அடுத்தவர் சும்மா இருந்தால் பலன் கொஞ்சம்தான்.

எல்லாம் ஆகிவிட்டது; விதைப்புக்கு மழைதான் பாக்கி. சிநேகிதருக்கும் அவருடைய தாயாருக்கும் அன்று விவாதம் முற்றியிருந்தது. ஏக்கருக்கு ஏறக்குறைய 50 கிலோ பருப்பு வேண்டும். மேல்தோல் கிழிந்த பருப்பு சரியாக முளைக்காது. ஆகையால் விதைக்குக் கையால் உடைப்பதே உத்தமம். உடைத்த பருப்போ நாள் ஆக ஆக முளைப்புச் சக்தியை இழக்கும்.

"மழை பேஞ்ச அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்துல விதைப்பாங்க. அப்ப உடைக்க ஆள் எங்கே கிடைக்கும், அம்மா?" என்றார் சிநேகிதர்.

"போன வருஷம் ஒரு தூறலை நம்பி உடைச்சியே, என்னடா ஆச்சு? பாதி முளைக்கலை; முளைச்சதும் காஞ்சு போச்சு" என்றார் தாயார்.

செம்மண்ணில் ஈரம் சில நாளே நிற்கும் என்பதும் மெய்; விதைக் காசு திரும்பி வராது என்பதும் மெய். மத்தியஸ்தம் செய்யும்படி இருவரும் நம்மைப் பார்த்தபோது, நாம் அண்ணாமலையின் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டோம். மலையுச்சியைக் கருமேகம் மூடியிருந்தது.

பஸ்ஸுக்குப் புறப்படுகையில் திண்ணையைக் கடந்தோம். நாலு மூட்டைகளில் ஒன்றன் தையலை மட்டும் பிரித்து, முறத்தை முன்னால் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் உடைக்கத் தொடங்கியிருந்தார்.