அழுத்திப் பிடித்த கை

எங்கள் பங்கின் உபதேசியாருக்குச் சட்டைப் பொத்தானைப் போட விரல்கள் இணங்கவில்லை, நடையும் தள்ளாடிற்று. கழுத்தெலும்புகளுக்கிடையே பிதுங்கிய வட்டு தண்டுவடத்தை நசுக்குகிறது, அறுவைச் சிகிச்சையே வழி என்றார் மருத்துவர். குறித்த நாளன்று அவருக்கு நோயில் பூசுதல் அளித்துவிட்டு, அவருடைய மனைவியோடு நானும் அறுவைக்கூடத்தின் வாயிலில் காத்திருந்தேன்.

இரண்டு மணி நேரம் என்றது நான்காயிற்று. வெளியே வந்த மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. “அம்மா, எலும்பைக் குடையும்போது பக்கத்துத் தமனியில் காயம் பட்டுவிட்டது. இரத்தத்தை அடக்கியிருக்கிறோம், ஆபத்து இன்னும் நீங்கவில்லை.”

“அந்தக் குழாயைக் கட்டிவிடக் கூடாதா, ஐயா?” என்று அவ்வம்மையார் கேட்டார்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கழுத்தெலும்புகளின் இரு பக்கத்துத் துளைகள் வழியே இரு தமனிகள் மேலேறி, மண்டைக்குள் ஒன்றாகி, மூளைத்தண்டுக்கும் சிறுமூளைக்கும் இரத்தம் ஊட்டுகின்றன. பலருக்கு இரண்டும் ஒரே பருமனில் இருப்பதில்லை. மற்றது மெலிந்திருக்க, இதைக் கட்டிவிட்டால் மூளையே பழுதாகலாம். ஆகவே இரத்தத்தை உறையச் செய்யும் பொருளை வைத்து அழுத்திப் பிடித்து, இழந்த இரத்தத்தை ஈடு செய்திருந்தார்கள்.

பின்பு தொடைத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, சாயமிட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். மூளைத் தமனிகளைச் சாயமிட்டுப் படம் பிடிப்பதை 1927இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் தொடங்கினார். அந்த வித்தையே அன்று எங்களுக்குத் துணைநின்றது. மறுபக்கத் தமனி செழுமையாக இருந்தது. அதைக் கண்ட பின்னரே, பிளாட்டினச் சுருள்களால் காயமுற்ற தமனியை அடைத்தார்கள். மற்றது மெலிந்திருந்தால், கிழிசலைத் தைத்தோ உள்ளே ஸ்டென்ட் வைத்தோ அவ்வழியைக் காக்க முயன்றிருப்பார்களாம்.

இக்காயம் மிக அரிது. நூறு அறுவைகளில் ஒன்றில்கூட நேர்வதில்லை என்பர். ஆயினும் நாட்கள் கழிந்தும் காயத்தில் இரத்தம் தேங்கிப் புடைக்கக்கூடும். எனவே உபதேசியாருக்கு மீண்டும் படம் எடுத்துப் பார்த்தார்கள். உங்கள் இல்லத்தில் எவருக்கேனும் இச்சிகிச்சை வருமாயின், தமனிகளின் போக்கை ஸ்கேனில் பார்த்தாயிற்றா என்று முன்னதாகவே மருத்துவரிடம் பணிவோடு கேளுங்கள்.

மூன்று மாதங்கள் கழித்து உபதேசியார் தம் பொத்தானைத் தாமே போட்டுக்கொண்டு கோவிலுக்கு வந்தார். “அன்றைக்கே உண்மையைச் சொன்னாரே, சுவாமி! அதனால்தான் மறுபடியும் அவரிடமே போனோம்” என்றார் அவர் மனைவி.

காயம் கண்டவுடன் அறுத்துக் கட்டிவிடத் துடிப்பது மனித இயல்பு. மறுவழி உண்டா என்று அறியும் வரை அழுத்திப் பிடித்துப் பொறுத்திருந்த அந்தக் கையை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.