செல்லாமல் போன முதல் ஓட்டு

அமெரிக்காவில் ஓட்டுப் போட்டால் விரலில் மை கிடையாது, ஸ்டிக்கர்தான். 2018 நவம்பரில் என் தங்கச்சி அந்த ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு, போட்டோ பிடித்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டாள். கல்யாணமாகிப் போய்ப் பதினாறு வருஷம் கழித்துக் கிடைத்த குடியுரிமை. முதல் ஓட்டு. "யாருக்கு கண்ணு போட்ட?" என்று அம்மா கேட்டதற்கு, "அதெல்லாம் சொல்லக்கூடாதும்மா" என்று ஒரே பந்தா.

மூன்றே வாரத்தில் அந்த ஓட்டுக்குச் சங்கு ஊத ஆரம்பித்துவிட்டார்கள்.

அவள் இருப்பது நார்த் கரோலினா மாநிலம், சார்லட் நகரின் தெற்கு ஓரம். பேங்க் ஆஃப் அமெரிக்காவின் தலைமையகம் இருக்கிற ஊர் என்பதால் என்னைப் போன்ற பேங்க்காரனுக்குக் கொஞ்சம் சொந்த ஊர் மாதிரி (நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்குமாம்). அந்த மாநிலத்திலிருந்து அப்போது பிரதிநிதிகள் சபைக்கு 13 பேர் போனார்கள். நம் மக்களவை மாதிரிதான், ஆனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல். தங்கச்சி வீடு 9வது தொகுதியில். சார்லட்டின் தெற்கே ஆரம்பித்து, சவுத் கரோலினா எல்லையை ஒட்டியே கிழக்கே நீண்டு, காரில் இரண்டரை மூன்று மணி நேரம் தள்ளியிருக்கிற ப்ளேடன் மாவட்டம் வரைக்கும் போகிற தொகுதி. இந்தப் பக்கம் ஐ.டி. ஆட்கள், அந்தப் பக்கம் பன்றிப் பண்ணைகள்.

ரிபப்ளிகன் வேட்பாளர் மார்க் ஹாரிஸ், ஒரு பாதிரியார். டெமாக்ரட் டான் மெக்ரெடி, ராணுவத்தில் இருந்தவர். ஹாரிஸ் 905 ஓட்டில் முந்தினார். ஆனால் மாநிலத் தேர்தல் வாரியம் முடிவுக்குச் சான்று தர மறுத்துவிட்டது. காரணம், ப்ளேடனில் தபால் ஓட்டு.

தபால் ஓட்டு உறையில் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பிரித்துப் பார்த்தால் உறைக்கு உறை அதே நாலைந்து பேர் சாட்சி! இதைப் படித்ததும் நான் சிரித்துவிட்டேன். ஒரே ஆள் இருபது கடனுக்கு ஜாமீன் போட்டிருந்தால் எங்கள் ஆடிட்டர் எத்தனை நிமிஷத்தில் பிடிப்பார்? அங்கே பதிவு செய்யும்போதே வாக்காளர் தான் எந்தக் கட்சி என்று எழுதிவைக்கலாம், எந்தக் கட்சியும் இல்லை என்றும் எழுதலாம். ப்ளேடனில் தபால் ஓட்டுப் போட்டவர்களில் ரிபப்ளிகன் என்று பதிந்தவர்கள் 19 சதவீதம். ஹாரிஸுக்கு விழுந்ததோ 61 சதவீதம். கட்சி சாராதவர்கள் அத்தனை பேரும் அவருக்கே குத்தியிருந்தாலும் எட்டாத கணக்கு.

2019 பிப்ரவரியில் விசாரணை. ஹாரிஸ் தரப்பு அமர்த்தியிருந்த மெக்ரே டவ்லஸ் என்ற உள்ளூர் ஆசாமி கூலிக்கு ஆள் வைத்து வீடு வீடாக ஓட்டுச்சீட்டை வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். அப்படி வேலை பார்த்த ஒரு பெண்மணி வந்து சாட்சி சொன்னார். வாக்காளர் எந்த மையில் எழுதினாரோ அதே மையில் சாட்சிக் கையெழுத்து. மொத்தமாகத் தபாலில் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். ஸ்டாம்பைத் தலைகீழாக ஒட்டிவிடக் கூடாது. என்ன ஒரு தொழில் சுத்தம்!

மூன்றாம் நாள் ஹாரிஸின் மகனே சாட்சிக் கூண்டில் ஏறினார். அவர் மத்திய அரசு வழக்கறிஞர். "இந்த ஆளை வைத்துக்கொள்ளாதீர்கள் என்று அப்பாவை எச்சரித்தேன்" என்றார். அப்பா அங்கேயே உட்கார்ந்து அழுதார். மறுநாள் அவரே புதிய தேர்தல் வேண்டும் என்று சொல்ல, வாரியத்தில் இருந்த இரு கட்சிக்காரர்கள் ஐந்து பேரும் ஒருமனதாகத் தேர்தலை ரத்து செய்தார்கள்.

தங்கச்சி அன்று போனில், "என் ஓட்டு போச்சுங்ணா" என்றாள். அவள் ஓட்டில் ஒரு தப்பும் இல்லை. நேரில் போய் வரிசையில் நின்று போட்டது. எங்கோ மூன்று மணி நேரம் தள்ளி எவனோ செய்த வேலைக்கு இவளுடையதும் சேர்ந்து போனது. எனக்கும் அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும், உள்ளுக்குள் ஒரு மரியாதை. தப்பு கண்டுபிடித்தார்கள், புத்தகத்தை மூடி மறுபடி எண்ணினார்கள். அதே 2019 ஏப்ரலில் எனக்கு இங்கே நாக்பூரில் மைக்ரோ அப்சர்வர் டியூட்டி. சாயங்காலம் 17சி படிவத்தில் எண்ணிக்கை டேலி ஆனதும் வருகிற நிம்மதி இருக்கிறதே, மார்ச் 31 ராத்திரி கணக்கை மூடுகிற நிம்மதிக்குச் சமம். அந்த ஊர்க்காரனுக்கும் அந்த நிம்மதி கிடைக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

இந்த நினைப்பை மாப்பிள்ளை உடைத்தார். அவர் அதிகம் பேசமாட்டார். "மச்சான், 905 ஓட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம். 2012 கணக்கைப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். 2012ல் அந்த மாநிலத்தின் 13 தொகுதிகளிலும் சேர்த்து டெமாக்ரட்டுகளுக்கு விழுந்தது சுமார் 22 லட்சத்து 18 ஆயிரம். ரிபப்ளிகன்களுக்குச் சுமார் 21 லட்சத்து 37 ஆயிரம். ஜெயித்த தொகுதிகள்? குறைவாக வாங்கியவர்களுக்கு 9, அதிகம் வாங்கியவர்களுக்கு 4. அந்த நாலில் ஒன்று வெறும் 654 ஓட்டில் தப்பிப் பிழைத்தது.

இதில் ஒரு கள்ள ஓட்டும் இல்லை. ஒவ்வொரு வவுச்சரும் சரி. தொகுதிக்கு எங்கே கோடு போடுவது என்பதை முடிவு செய்வது மாநிலச் சட்டமன்றம், அதாவது அங்கே யார் மெஜாரிட்டியோ அவர்கள். அந்த மாநிலத்தில் இந்த வரைபடத்தைத் தடுக்க கவர்னருக்கும் அதிகாரம் கிடையாது. எதிர்க்கட்சி ஆட்களை மூன்று நாலு தொகுதியில் மூட்டை கட்டிவிட்டு, மீதியை மற்றதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிவிட்டால் வேலை முடிந்தது. 2016ல் புது வரைபடம் போட்டபோது டேவிட் லூயிஸ் என்ற ரிபப்ளிகன் உறுப்பினர் கூட்டத்திலேயே சொன்னார்: பத்துக்கு மூன்று என்று வரும்படி வரைகிறோம், ஏனென்றால் பதினொன்றுக்கு இரண்டு என்று வரைய முடியும் என்று தோன்றவில்லை. ஒளிவு மறைவே இல்லை! அந்த வருஷமே பத்துக்கு மூன்று வந்தது.

டெமாக்ரட்டுகள் உத்தமர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1992 தேர்தலுக்கு அவர்கள் வரைந்த 12வது தொகுதி ஐ-85 நெடுஞ்சாலையை ஒட்டிச் சுமார் 160 மைல் பாம்பு மாதிரி ஓடியது. சுப்ரீம் கோர்ட் வரை போய்ச் சந்தி சிரித்தது.

2019 ஜூனில் இந்த 2016 வரைபட வழக்கும் சுப்ரீம் கோர்ட்டில் முடிவுக்கு வந்தது. ஐந்துக்கு நாலு என்று தீர்ப்பு: கட்சி லாபத்துக்காகக் கோடு போடுவது கெட்ட காரியமாகவே இருந்தாலும், மத்திய நீதிமன்றங்கள் அதில் தலையிட முடியாது. நாலு மாதம் முன்னால்தான் சில நூறு உறைகளுக்காக ஒரு தேர்தலையே ரத்து செய்த அதே மாநிலம். கல்லாவில் நூறு ரூபாய் குறைந்தால் கேஷியர் சஸ்பெண்ட். லெட்ஜரில் தலைப்பை மாற்றி லட்சக்கணக்கில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளினால் அதற்குப் பெயர் நிர்வாக முடிவு. நானும் இருபது வருஷத்துக்கு மேல் பேங்கில் இருக்கிறேன், இது புரியாமல் இல்லை. ஆனாலும் ஜீரணமாகவில்லை.

அந்த செப்டம்பரில் மறுதேர்தல். தங்கச்சி போனாள், மாப்பிள்ளை போகவில்லை. ரிபப்ளிகன் டான் பிஷப் இரண்டு சதவீதத்தில் ஜெயித்தார். அப்புறம் மாநில நீதிமன்றம் வரைபடத்தை மாற்றச் சொன்னது. 2020ல் எட்டுக்கு ஐந்து. 2022ல் நீதிமன்றமே போட்ட கோட்டில், பதினாலாகக் கூடிய தொகுதிகளில் ஆளுக்கு ஏழு. தங்கச்சி வீடு நகரவில்லை, ஆனால் 9வது தொகுதி போய் 14வது ஆனது. டெமாக்ரட் ஜெஃப் ஜாக்சன் அங்கே ஜெயித்தார். அதே தேர்தலில் மாநிலத் தலைமை நீதிமன்றத்தில் ரிபப்ளிகன்கள் மெஜாரிட்டி பிடித்தார்கள் (அங்கே நீதிபதிக்கும் தேர்தல்). 2023 ஏப்ரலில் நீதிமன்றம் தன் தீர்ப்பையே திருப்பிக்கொள்ள, மறுபடி வரைபடம். ஜாக்சன் அந்தப் பக்கமே போட்டியிடவில்லை. 2024ல் 14வது தொகுதியில் ஜெயித்தவர் டிம் மூர். அந்த வரைபடத்தை நிறைவேற்றிய மாநில சபையின் சபாநாயகர்.

நம்மூரிலும் கோடு நகர்ந்ததுண்டு. எங்கள் கோபிசெட்டிபாளையம் நாடாளுமன்றத் தொகுதி 2009 தேர்தலில் இல்லவே இல்லை, அக்கம்பக்கத்துத் தொகுதிகளில் கரைந்துபோனது. அப்பாவுக்கு அதில் கடைசி வரை வருத்தம். ஆனால் அதை வரைந்தது ஓய்வுபெற்ற சுப்ரீம் கோர்ட் நீதிபதி தலைமையில் ஒரு ஆணையம். எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் கூட உட்காரலாம், ஓட்டு கிடையாது. தொகுதி எண்ணிக்கை பற்றி நமக்குள்ள பயம் தனிக்கதை. அதை இங்கே இழுத்தால் விடியாது.

2024ல் ஒரு வேடிக்கை நடந்தது. பிஷப்பும் ஜாக்சனும், அதாவது தங்கச்சி வீட்டை அடுத்தடுத்து ஆண்ட இரண்டு பேரும், அட்டர்னி ஜெனரல் பதவிக்கு நேருக்கு நேர் மோதினார்கள். மாநிலம் முழுக்க ஒரே தொகுதி, கோடு போட இடமில்லை. ஜாக்சன் ஜெயித்தார். கவர்னராக டெமாக்ரட் ஜோஷ் ஸ்டெய்ன் ஜெயித்தார், ஜனாதிபதி ஓட்டில் டிரம்ப் ஜெயித்தார். மக்கள் அப்படிப் பிரித்துப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். காங்கிரஸ் தொகுதிகளில் மட்டும் பத்துக்கு நாலு. அந்தப் பத்தில் ஒருவர் மார்க் ஹாரிஸ்! இப்போது 8வது தொகுதி. டவ்லஸ் 2022லேயே, வழக்கு விசாரணைக்கு வருமுன்னே இறந்துவிட்டார்.

மாப்பிள்ளை இதையெல்லாம் காட்டித்தான் ஓட்டுப் போடப் போவதில்லை என்கிறார். தங்கச்சி காது கொடுப்பதில்லை. செல்லாமல் போன அந்த 2018 ஸ்டிக்கர் அவள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஓரம் சுருண்டு இன்னும் இருக்கிறது. பக்கத்தில் 2019, 2020, 2022, 2024. 2025 அக்டோபரில் சட்டமன்றம் மறுபடி கோட்டை நகர்த்துகிறது என்று செய்தி பார்த்து நான்தான் பதறிப்போய் போன் செய்தேன். அவள் ஏற்கெனவே வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து வைத்திருந்தாள். மாறியது கிழக்குக் கடைசியில் 1வது, 3வது தொகுதிகள்.

"இந்தத் தடவை நம்ம பக்கம் வரலைங்ணா" என்றாள்.